சந்தைத் திடலில் ஒரு துணிக்கொடி

முதல் கச்சேரி முடிந்தபோது டிராம்போன்காரனின் கடைசி ஸ்வரம் மட்டும் முடியவில்லை. அது சந்தைத் திடலின் குறுக்கே, ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தில், சலவைக்கடை ஜன்னலிலிருந்து எதிரே இருந்த பூட்டுக்கடைச் சுவர் வரைக்கும் நீண்டு அப்படியே நின்றுவிட்டது. சலவைக்கடை அக்கா அதைச் சற்று நேரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தோளில் கிடந்த ஈரப் படுக்கைவிரிப்பை உதறி அதன்மேல் போட்டார். விரிப்பு விழவில்லை. அன்று வெயிலும் நன்றாக இருந்ததால் மதியத்துக்குள் காய்ந்தும்விட்டது.

டிராம்போன்காரனின் பட்டாளம் எங்கள் ஊருக்குச் சண்டை போட வந்ததல்ல, சண்டை முடிந்த பிறகு காவலுக்கு வந்தது. ஆனால் எங்களுக்குப் பட்டாளம் புதிதில்லை. முன்னால் வந்தவர்கள் எல்லோரும் காவலுக்கு வந்ததாகத்தான் சொன்னார்கள். போகும்போது எங்கள் கோழிகளும் கதவுகளும் அவர்களோடு போயின. ஆகவே இவர்கள் வந்தபோது மிச்சமிருந்த கதவுகளை நன்றாகச் சாத்திக்கொண்டோம். சில மாதம் பொறுத்துப் பார்த்த மேலிடம், ஒரு பேண்டை அனுப்பிவைத்தது. மலைச்சாவடிகளில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு மனம் துருப்பிடிக்கக் கூடாது, ஊர்க்காரர்களுக்கும் பட்டாளத்தின்மேல் கொஞ்சம் பிரியம் வர வேண்டும் என்பது கணக்கு. பிரியம் வரவழைக்க வந்த லாரி, திடலில் திரும்பும்போதே அக்காவின் துணிக்கொடியில் மாட்டியது. கூரைமேல் பெரிய டிரம்மைக் கட்டியிருந்தார்கள். கொடி அதில் சிக்கி, இரண்டு கம்பங்களும் முறிந்து, ஆஸ்பத்திரிக்காக வெளுத்துப் போட்டிருந்த வெள்ளை விரிப்புகள் மொத்தமும் சேற்றில் விழுந்தன. லாரி நிற்கவில்லை. வழியில் எதற்கும் நிற்கக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு. முன் இருக்கையில் இருந்த டிராம்போன்காரன் மட்டும் தலையை வெளியே நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவனை பேண்டில் எல்லோரும் நீட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். டிராம்போன் என்பதே இழுத்து நீட்டி ஊதுகிற பித்தளைக் குழல். அதற்காக வந்த பெயர் இல்லை அது. உப்பு எங்கே என்று கேட்டால் கடலிலிருந்து ஆரம்பிப்பான். ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்ல அவனுக்கு வராது. வாசிப்பிலும் அதே கதைதான். பேண்டு மாஸ்டர் கையை மூடியதும் எல்லா வாத்தியமும் ஒரே வெட்டாக நிற்க வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் மானம். நீட்டி ஒரு இமைப்பொழுது தாமதமாகத்தான் நிற்பான். மாஸ்டர் அவனைத் திட்டுவார், ஆனால் விடமாட்டார். நீளமாகப் பிடிக்க வேண்டிய ஸ்வரத்தை ஆடாமல் அசையாமல் பிடிக்க அவனைவிட்டால் அவருக்கு ஆளில்லை.

முதல் கச்சேரிக்கு ஒரு நாயைத் தவிர யாரும் வரவில்லை. சாத்திய ஜன்னல்களைப் பார்த்து அவர்கள் சிரத்தையாக வாசித்தார்கள். கடைசி மெட்டின்போது சலவைக்கடைக் கதவு திறந்தது. மறுபடி துவைத்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வாசலில் வந்து நின்று, முன்வரிசையில் இருந்த நீட்டியை முறைத்தார். லாரி ஜன்னலில் பார்த்த முகம் அவருக்கு மறக்கவில்லை. நீட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு எங்கள் பாஷை தெரியாது. மாஸ்டரின் கை மூடியது, எல்லோரும் நிறுத்தினார்கள், அவன் நிறுத்தவில்லை. அக்காவைப் பார்த்தபடியே ஊதினான். மாஸ்டர் பல்லைக் கடித்தார். கண் பிதுங்கி, காது சிவந்து, மூச்சு முழுவதும் தீர்ந்த பிறகுதான் குழலை இறக்கினான். ஸ்வரம் இறங்கவில்லை.

அதைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது, வெந்நீர் ஓடி முடித்த குழாய் மாதிரி. மேலே துணி போட்டால் சத்தம் அடங்கிவிடும். துணியை எடுத்தால் தாழ்ந்த குரலில், நிதானமாகக் கேட்கும். விரிப்புகளை வரிசையாகத் தாங்கும். கனத்த கம்பளி போட்டால் தொய்யும். முதல் வாரம் ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது. நாய் அதைப் பார்த்து இரண்டு நாள் குரைத்துவிட்டு விட்டுவிட்டது. பட்டாளம் ஏணியோடு நாலு பேரை அனுப்பிக் கழற்றப் பார்த்தது. ஒருவன் அதைப் பிடித்துத் தொங்கி உடற்பயிற்சி செய்தான், அவ்வளவுதான் நடந்தது. கம்பத்துக்குப் பதில் கம்பம் தரலாமே என்றால், சண்டையில் அந்த வட்டாரத்து மரமெல்லாம் விறகாகிப் போயிருந்தது. மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். மேலிடம் பரிசீலிப்பதாகச் சொன்னது, இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது. கம்பமில்லாமல் கயிறு கட்டலாம் என்றால், பூட்டுக்கடைக்காரர் தன் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். அவருக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. ஸ்வரத்துக்கு ஆணி தேவைப்படவில்லை. அது அவர் சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது, அவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் மறுபடி வர ஆரம்பித்தன. அக்காவின் அடுப்பு அணையாமல் எரிந்தது அந்த ஸ்வரத்தால்தான்.

நீட்டியின் பிழைப்பு அதே ஸ்வரத்தால் ஆட்டம் கண்டது. மறுநாள் ஒத்திகையில்தான் தெரிந்தது. குழலின் கையை மூன்றாம் இடத்துக்கு நீட்டி, உதட்டைச் சற்றுத் தளர்த்தினால் அந்த ஸ்வரம் வர வேண்டும். வெறும் காற்று வந்தது. மற்ற எல்லாம் இருந்தன, அது ஒன்று மட்டும் இல்லை. வேறு குழலை வாங்கி ஊதினான், அதிலும் இல்லை. ஒரே ஸ்வரம் ஓர் ஆளிடம் இரண்டு இருக்காது அல்லவா, திடலில் இருப்பது இவனிடம் எப்படி இருக்கும் என்று மாஸ்டரே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவரே கவலைப்பட்டார். ஒரு ஸ்வரம் குறைந்தவனை பேண்டில் வைத்துக்கொள்ள முடியாது. பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வரப்போகிறார், அவர் முன்னால் வாசிக்கிற அணிவகுப்பு மெட்டில் ஓர் இடம் உண்டு: அத்தனை வாத்தியமும் நிற்க, டிராம்போன் தனியாக அந்த ஸ்வரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். அங்கே காற்று வந்தால் நீட்டி மறுநாளே சரக்குப் பிரிவுக்குப் போய் மூட்டை தூக்க வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை ஊதுவது.

தன் சொந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டு, நடை பழகும் மகளையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் முகாம் போனில் இதைச் சொன்னான். வழக்கம்போல் லாரி கிளம்பிய இடத்திலிருந்து சொன்னான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணுதானே போச்சு? மிச்சமெல்லாம் இருக்குல்ல. இருக்கறத வெச்சு வாசிங்க. போனதையே நெனச்சுட்டு இருந்தா இருக்கறதும் கோவிச்சுக்கும்."

அவனுக்கு மனம் ஆறவில்லை. மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். விட்ட மூச்சுதானே, இழுத்தால் வரும். ஊதுவதற்குப் பதில் அதன் கீழே நின்று குழலால் உள்ளே இழு என்றார். ஒரு மத்தியானம் திடலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நீட்டி போனான். கொடி நிறைய வெள்ளை விரிப்புகள். குழலை மேலே தூக்கி, உதட்டைப் பொருத்தி இழுத்தான். வந்தது. நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக, பழகிய மனிதன் வீட்டுக்குத் திரும்புவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பாதி வந்திருக்கும், அப்போது கண்ணைத் திறந்து பார்த்தான். ஸ்வரம் தொய்ந்திருந்தது. விரிப்புகள் தாழ்ந்து தாழ்ந்து, முந்தின நாள் மழையில் தேங்கிய சேற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அதே விரிப்புகள், அதே சேறு. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அவன் மூட்டை தூக்க வேண்டாம்.  நீட்டி இழுத்ததையெல்லாம் திருப்பி ஊதினான். கொடி விறைப்பாக ஏறி நின்றது. குழலைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனான்.

மாடி ஜன்னலில் அக்கா இருந்தார்.  மறுநாள் சலூன்கார அண்ணனை அழைத்துவந்து நீட்டி முன்னால் நிறுத்தினார். அண்ணன் வாலிபத்தில் கப்பலில் முடிவெட்டியவர், பட்டாளத்தின் பாஷை ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் தலைமுடி சம்பந்தப்பட்ட அளவுக்கு. அக்கா நிறையப் பேசினார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் சட்டையெல்லாம் கொண்டாந்து போடச் சொல்றாங்க. ரொம்ப அழுக்கா இருக்காம்" என்று முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பேண்டு முழுவதற்கும் சட்டைகள் அக்கா கடையில் வெளுத்தன. பேண்டு தங்கியிருந்த பழைய தானியக் கிடங்கு கடைக்கு அடுத்த கட்டிடம். ஒத்திகை நேரத்தில் அக்கா பெட்டி போடுவார். மெட்டு முழுக்க வந்து, ஓர் இடத்தில் வெறும் காற்று வீசி, மறுபடி மெட்டு வருவதைத் தினமும் கேட்டார். அந்த இடம் வரும்போது இஸ்திரிப்பெட்டி ஒரு கணம் நிற்கும் என்று கடைக்கு வந்துபோனவர்கள் சொல்வார்கள்.

இதற்கிடையில் பேண்டு மலைச்சாவடிகளுக்குப் போய் வந்தது. கடைசிச் சாவடியில் இருந்த சிப்பாய்கள் மாதக்கணக்காக ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்துப் பார்த்துச் சலித்து, பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கச்சேரிக்குக் கைகட்டி உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் சொந்த ஊரில் பழகிய மெட்டுதான். நீட்டியின் இடம் வந்தது, காற்று வந்தது. சபை ஒரு கணம் திகைத்தது. இரண்டாம் முறை அதே இடம் வந்தபோது பின்வரிசையிலிருந்து சமையல்காரர், பொறுக்கமாட்டாமல், விட்டுப்போன ஸ்வரத்தை வாயால் பாடிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறை சாவடி முழுவதும் பாடியது. பிறகு கச்சேரி முடியவிடவில்லை. அதே மெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், மெட்டுக்காக அல்ல, நடுவில் இருந்த தங்கள் இடத்துக்காக. அந்தச் சாவடியில் மறுபடி பேச்சு சத்தம் கேட்க ஆரம்பித்தது. செய்தி மலை முழுக்கப் பரவி, குறையுள்ள டிராம்போனை அனுப்பச் சொல்லி ஒவ்வொரு சாவடியும் ஆள் விட்டது. இத்தனை வருஷம் ஒழுங்காக வாசித்தபோது இப்படி யாரும் கேட்கவில்லையே என்று மாஸ்டர் நொந்துகொண்டார், ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

ஆனால் பெரிய அதிகாரியின் முன்னால் இது செல்லாது. அணிவகுப்பில் நிற்கிற சிப்பாய் வாயைத் திறக்கக் கூடாது. நாள் நெருங்க நெருங்க நீட்டி சுருக்கமாகப் பேச ஆரம்பித்தான். அவன் பயந்திருக்கிறான் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். திடலில் துணி தொங்கக் கூடாது என்று வேறு உத்தரவு வந்தது. துணியை எடுத்தால் அதிகாரி பேசப் பேச ஸ்வரமும் பேசும், போட்டால் அலங்கோலம். முடிவில் ஒரே ஒரு விரிப்பு, புதிது, சுருக்கமில்லாமல், நீளமாக மடித்துப் போடலாம் என்று மாஸ்டர் அனுமதி வாங்கினார். அதன் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும், காற்றில் பறந்துவிட்டால் வம்பு. அக்கா தானே நிற்பதாகச் சொன்னார். நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றார்.

அன்று ஜன்னல்கள் விரல் அகலத்துக்குத் திறந்திருந்தன. நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம். அதிகாரி மேடையில் கல்லாக நின்றார். மெட்டு ஆரம்பித்து, ஏறி, திரும்பி, அந்த இடத்துக்கு வந்தது. எல்லா வாத்தியமும் நின்றன. நீட்டியின் கை மூன்றாம் இடத்துக்கு நீண்டது. வரிசையில் நின்ற சிப்பாய்களின் தொண்டைகள் ஏறி இறங்கின, வாய்கள் திறக்கவில்லை. நீட்டி கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். காற்றுதான் வந்தது. அக்கா விரிப்பை ஒரே உருவாக உருவினார்.

முதல் நாள் விட்ட ஸ்வரம், ஆடாமல் அசையாமல், திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒலித்தது. இத்தனை வெயிலும் இத்தனை சோப்பும் பட்டு முன்னைவிடத் தெளிந்திருந்தது. அதில் அன்றைக்கு அவன் கேட்க நினைத்த மன்னிப்பு அப்படியே இருந்தது, மொழிபெயர்க்க சலூன்கார அண்ணன் தேவைப்படவில்லை. நீட்டி கண்ணைத் திறந்தான். குழலை இறக்கக்கூட மறந்து அக்காவையே பார்த்தான். மாஸ்டரின் கை மூடியது. மற்ற வாத்தியங்கள் அடுத்த அடியை எடுக்கக் காத்திருந்தன. அக்கா விரிப்பைப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு, நீட்டியைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு அவன் நீட்டிய அதே அளவுக்கு நீட்டினார். பிறகு தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு, விரிப்பைப் போட்டார். மெட்டு தொடர்ந்தது. அதற்குள் ஜன்னல்கள் முழுவதும் திறந்திருந்தன. பூட்டுக்கடைக்காரர் தன் ஜன்னலிலிருந்து அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்தியதை நான் மட்டுமல்ல, பலரும் பார்த்தோம்.

அதிகாரி போகும்போது மாஸ்டரிடம், "டிராம்போன் கொஞ்சம் நீட்டிட்டாரு" என்றார். மாஸ்டர் விறைத்து நின்றார். "பரவால்ல. அது அப்படித்தான் இருக்கணும் போல" என்றார் அதிகாரி.

நீட்டி மூட்டை தூக்கப் போகவில்லை. அடுத்த பனிக்காலத்துக்கு முன் பட்டாளம் கிளம்பியது. எங்கள் கோழிகள் எல்லாம் இருந்தன. லாரி ஏறுவதற்கு முன் அக்கா கொடியிலிருந்த துணி முழுவதையும் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். நீட்டி அண்ணனைக் கூப்பிட்டு நீளமாக ஏதோ சொன்னான். அண்ணன், "ஈரத்துணிய ஏன் எடுத்தீங்கன்னு கேக்கறான்" என்றார். அக்கா திட்டிக்கொண்டே மறுபடி உலர்த்தினார். டிரைவர் அந்த ஒரு முறை, உத்தரவை மீறி, திடலில் வண்டியை நிறுத்தி டிரம்மைக் கூரையிலிருந்து இறக்கி உள்ளே வைத்துவிட்டு, கொடியின் கீழே குனிந்தபடி ஓட்டிப்போனார். வண்டியின் உயரத்துக்கு அவர் குனிவதால் பயனில்லை, மரியாதைக்குக் குனிந்தார்.

அதன் பிறகு நீட்டி எத்தனையோ ஊர்களில் அந்த ஸ்வரம் இல்லாமலேயே வாசித்தான். எங்கே போனாலும் இரண்டாம் முறைக்குள் யாராவது அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். சொந்த ஊரில் முதலில் நிரப்பியது அவன் மகள். பட்டாளத்து பேண்டுகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, மெட்டின் நடுவே சபைக்கென்று ஓர் இடம் விட இப்போது சொல்லித் தருகிறார்களாம். இங்கே பச்சைக் குழந்தைகள் அழுதால் தூக்கிக்கொண்டு வந்து, அக்காவிடம் சொல்லி ஒரு தலையணை உறை அகலத்துக்கு மட்டும் துணியை ஒதுக்கச் சொல்வோம். பக்கத்து ஊர்களிலிருந்து வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க வருகிறவர்கள் துவைத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மழை நாளில் ஸ்வரம் சற்று இறங்கும், அதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

ஓய்வு பெற்ற வருஷம் நீட்டி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். மகள் வளர்ந்து, அவளுக்கும் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தச் சின்னப் பெண் திடலில் ஓடி, நேராகப் போய்ச் சேற்றில் விழுந்தாள். அக்காவுக்கு இப்போது முட்டி வலி, ஆனாலும் நீட்டியை நலம் விசாரிப்பதற்கு முன் குழந்தையின் கவுனைக் கழற்றி அலசிப் பிழிந்துவிட்டார். பிறகு கொடியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஸ்வரம் கேட்டது. இத்தனை வருஷமாகக் கதையை மட்டும் கேட்டிருந்த மனைவி அதன் கீழே போய் நின்று, கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறப்ப மட்டும் ஒரே வார்த்தைல முடிச்சிடுவீங்க" என்றார்.  நீட்டி பக்கத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான், கண் நிறைந்திருந்தது.

வேலையும் முடிந்துவிட்டதே, இனியாவது எடுத்துக்கொண்டு போகிறானா என்று அக்கா கேட்டார். சலூன்கார அண்ணன் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் நீட்டியின் மனைவிக்கே புரிந்துவிட்டது.

"இங்கயே இருக்கட்டும்க்கா. வீட்டுக்கு வந்தா இவரு இன்னும் நீட்டுவாரு."

சொல்லிவிட்டு அவர் ஈரக் கவுனை வாங்கி, ஒரு உதறு உதறி, ஸ்வரத்தின்மேல் போட்டார். சத்தம் அடங்கியது. அக்கா இடுப்பிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தார். காற்றில்லாத நாள்தான், இருந்தாலும் இரண்டையும் மாட்டினார்கள். கவுன் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.